தலைவலி என்று சொல்லிப் போனவன்

முத்தப்பன் கடையில் தீப்பிடித்த அந்த வெள்ளிக்கிழமை மத்தியானம், கார்த்திகேசு மாடியில் படுத்திருக்கிறான் என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள்.

ஈப்போ டவுனில் பழைய கடைவீடு அது. கீழே பூசை சாமான் கடை. மேலே சரக்கு வைக்கும் இடமும், அதை ஒட்டி ஒரு சின்ன அறையும். முத்தப்பனும் அவர் மனைவி கண்ணம்மையும் காலையில் வந்து கடை திறப்பார்கள், பொழுது சாய்ந்ததும் பூட்டிவிட்டு வீட்டுக்குப் போய்விடுவார்கள். சுங்காய்த் தோட்டத்தில் பிறந்து வளர்ந்த கார்த்திகேசு மட்டும், வேலைக்குச் சேர்ந்ததிலிருந்து அந்த மேல் அறையிலேயே தங்கியிருந்தான். முப்பதைத் தாண்டியும் கல்யாணம் ஆகவில்லை. கண்ணம்மை வீட்டில் சமைத்து எடுத்து வருவதில் அவனுக்கும் ஒரு கேரியர் உண்டு.

அன்று சாப்பிட்டு முடித்ததும் அவன் நெற்றியைப் பிடித்துக்கொண்டு, தலைவலி என்றும் கொஞ்ச நேரம் மேலே படுத்து எழுந்து வருவதாகவும் சொன்னான். தை மாதம். தைப்பூசம் ஒரு பக்கம், கல்யாணங்கள் ஒரு பக்கம் என்று கடையில் ஓயாத வேலை. இரண்டு நாளாகப் பெட்டி தூக்கியவன், பாவம், படுக்கட்டும் என்று கண்ணம்மை அனுப்பிவிட்டார்.

கடையின் பின்மூலையில் ஒரே எக்ஸ்டென்ஷன் கட்டையில் பூ வைக்கும் குளிர்ப்பெட்டி, காற்றாடி, சாமி படங்களுக்கு மாட்டும் வண்ண விளக்குகள் எல்லாம் சொருகியிருந்தன. தீ அங்கேதான் பிடித்தது. எந்நேரமும் ஊதுபத்தி மணக்கிற கடை என்பதால், பிளாஸ்டிக் கருகும் நாற்றம் கண்ணம்மைக்கு உறைக்கக் கொஞ்ச நேரம் ஆயிற்று. திரும்பிப் பார்த்தபோது சாம்பிராணி அட்டைப்பெட்டிகள் எரிந்துகொண்டிருந்தன. தண்ணீர் வாளியைத் தூக்கப் போனவரை முத்தப்பன் தடுத்து, கரண்ட் இருக்கிறது, ஊற்றாதே என்று இழுத்தார். தீயணைக்கும் சிவப்புச் சிலிண்டர் ஒன்று சுவரில் மாட்டியிருந்தது உண்மைதான். ஆனால் அதற்கு முன்னால் விளக்குத் திரிக் கட்டுகளை ஆள் உயரத்துக்கு அடுக்கியிருந்தார்கள். அவர் கை எட்டுவதற்குள் சூடம் வைத்திருந்த தட்டில் தீ ஏறிவிட்டது. சூடம் பற்றினால் என்ன ஆகும் என்று அவருக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

இருந்த வாடிக்கையாளர்களை வெளியே தள்ளிவிட்டு, இருவரும் அஞ்சடி நடைபாதைக்கு ஓடிவந்தார்கள். அப்போதுதான் கண்ணம்மை மேலே பார்த்தார்.

“என்னங்க, கார்த்தி மேல இருக்கான்.”

முத்தப்பன் மறுபடி உள்ளே ஓடினார். மாடிப்படியில் படிக்குப் படி சரக்குப் பெட்டி. இடமில்லாததால் அவரே வைக்கச் சொன்னவை. நாலைந்து படி ஏறியிருப்பார், கரும்புகை நெஞ்சை அடைத்துக் கீழே இறக்கிவிட்டது. பக்கத்துச் சந்து வழியாகச் சுற்றிக்கொண்டு பின்பக்கம் போனார். மாடியிலிருந்து பின்சந்துக்கு இறங்கும் இரும்புப் படிக்குக் கீழே, கடையின் பின்வாசலும் வந்து சேரும் இடத்தில், கம்பிக் கதவு. முன்பு ஒருதடவை திருடன் ஏறிவிட்டான் என்று அதற்குப் பெரிய பூட்டுப் போட்டிருந்தார். சாவி கடைக்குள் ஆணியில் தொங்கியது. கதவை இரண்டு கையாலும் அடித்துக்கொண்டு அவன் பெயரைக் கூப்பிட்டார். மேலிருந்து பதில் இல்லை.

பொம்பா தீயணைப்பு வண்டி வந்ததும் அதிகாரி கேட்ட முதல் கேள்வி, உள்ளே ஆள் உண்டா என்பதுதான். ஒருத்தர், மாடியில், தூங்குகிறார் என்று முத்தப்பன் சொன்னார். பின்கதவுப் பூட்டை வெட்டினார்கள். மூச்சுக்கருவி மாட்டிய ஒரு மலாய் இளைஞர் இரும்புப் படியில் ஏறிப் புகைக்குள் மறைந்தார்.

கண்ணம்மை கார்த்திகேசுவின் கைப்பேசிக்கு அடித்துக்கொண்டே இருந்தார். மணி போனது, யாரும் எடுக்கவில்லை. அந்தப் புகைக்குள், அவன் தலைமாட்டில், அது அடித்துக்கொண்டிருக்கிறது என்று அவருக்குத் தோன்றியது. ஆனாலும் நிறுத்த மனம் வரவில்லை.

மேலே போனவர் வெளியே வந்து, கட்டிலில் யாரும் இல்லை என்றார். மயங்கிய ஆள் கட்டிலுக்கடியிலோ குளியலறையிலோ கிடப்பதுண்டு என்று அதிகாரி மறுபடி பார்க்கச் சொன்னார். அவர் மறுபடி உள்ளே போனார்.

அந்த நேரத்தில்தான் கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஒருவன் வந்தான். தலையில் ஹெல்மெட், மேலே இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை. எரிகிற கடையைப் பார்த்து வாயைப் பிளந்து நின்றவன், “ஆச்சி, என்ன ஆச்சு?” என்றான்.

கண்ணம்மைக்கு முதலில் அந்தக் குரல் எங்கிருந்து வருகிறது என்றே தெரியவில்லை. பிறகு இரண்டு கையாலும் அவன் ஹெல்மெட்டைப் பிடித்துக்கொண்டார். பிடித்த பிடியை விடாமல் அழுதார். முத்தப்பன் ரோட்டோரக் கட்டையில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். பக்கத்துக் கடைக்காரர்தான் ஓடிப்போய் அதிகாரியிடம் ஆள் கிடைத்துவிட்டான் என்று சொன்னார்.

கொஞ்சம் மூச்சு வந்த பிறகு முத்தப்பன் கேட்டார். “தலைவலின்னு சொன்னியே?”

கார்த்திகேசு தலையைக் குனிந்துகொண்டே சொன்னான். புந்தோங்கில் ஒரு கிளினிக்கில் வேலை பார்க்கும் துளசியை அவனுக்குப் பிடிக்கும், அவளுக்கும் அவனைப் பிடிக்கும். அவளுடைய அண்ணன் தீபன் சிங்கப்பூரில் இருக்கிறார். லீவில் வந்தவர் அன்று சாயங்காலம் பஸ் ஏறுகிறார். போவதற்குள் மாப்பிள்ளையைப் பார்க்க வேண்டும் என்று துளசி சொல்லிவிட்டாள். தை மாதத்து வெள்ளிக்கிழமையில் லீவு கேட்டால் முத்தப்பன் அண்ணே மறுக்க மாட்டார், ஆனால் நாள் முழுக்க முகம் தொங்கும். அதனால் தலைவலி என்று சொல்லி மேலே போய்ச் சட்டை மாற்றிக்கொண்டு, கண்ணம்மை ஒரு கல்யாண வீட்டுக்காரர்களுக்கு விளக்கு காட்டிக்கொண்டிருந்தபோது நைசாக வெளியேறி மோட்டார் சைக்கிளை எடுத்திருக்கிறான். திரும்பி வரும்போது வண்டி ஓட்டத்தில் கைப்பேசி மணி காதில் விழவில்லை.

“சீக்கிரம் வந்திரலாம்னுதான்லா அண்ணே போனேன்,” என்றான்.

முத்தப்பனுக்குக் கோபம் வரவில்லை. அவன் தோளில் கைவைத்து, சட்டை நல்லா இருக்கு என்று மட்டும் சொன்னார்.

ஆனால் கார்த்திகேசுவுக்கு வேறொன்று உறுத்தியது. தன் பொய்யை நம்பி ஒரு மனிதர் இரண்டு தடவை நெருப்புக்குள் போயிருக்கிறார். தீ அடங்கிய பிறகு அந்த இளைஞர் வண்டியோரம் உட்கார்ந்து தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார். முகமெல்லாம் வேர்வையும் கரியும். கார்த்திகேசு எதிரே போய் நின்று மலாயில் மன்னிப்புக் கேட்டான், நடந்ததை மறைக்காமல் சொன்னான். அவர் அவனை மேலும் கீழும் பார்த்தார், வெள்ளைச் சட்டையைப் பார்த்தார், சிரித்துவிட்டார்.

“பிலிக் கோசோங் பாலிங் பாகுஸ், பாங்,” என்றார். ஆளில்லாத அறையைவிட நல்ல அறை கிடையாது அண்ணே என்று அர்த்தம். அதோடு, பெண்ணின் அண்ணன் சம்மதித்தாரா என்றும் கேட்டார். சம்மதித்துவிட்டார் என்றான் கார்த்திகேசு. சொல்லும்போதே அவனுக்குக் கண் கலங்கியது.

கடையைக் கழுவுவதுதான் பெரிய வேலையாக இருந்தது. தீ தின்றது பின்பாதியை. மீதியைக் கரியும் தண்ணீரும் எடுத்துக்கொண்டன. உருகிய சூடமும் விளக்கெண்ணெயும் தரையில் பிசினாக ஒட்டியிருந்தன. கூரையையும் சுவரையும் ஆள் வந்து பார்த்து, இடிந்து விழாது என்று சொன்ன பிறகே உள்ளே கால் வைத்தார்கள். நனைந்த பெட்டிகளைக் கழித்தார்கள், சுவர்ப் பூச்சை உதிர்த்தார்கள். எத்தனை தேய்த்தும் புகை நாற்றம் போகாததால் மரத் தட்டுகளையும் எறிய வேண்டியதாயிற்று. பித்தளைக் குத்துவிளக்குகள் மட்டும் கறுத்துப்போய் முழுசாக நின்றன. துளசியும் அவள் அம்மா நல்லம்மாளும் வந்து கண்ணம்மையோடு உட்கார்ந்து, பின்சந்துக் குழாயடியில் புளி போட்டுத் தேய்த்தார்கள். ஒவ்வொன்றாக மஞ்சள் நிறம் திரும்பியது. சம்பந்தம் பேசுகிற பேச்செல்லாம் அந்தக் குழாயடியிலேயே முடிந்துவிட்டது.

ஒருநாள் மற்றவர்கள் சாப்பிடப் போயிருந்தபோது முத்தப்பன் தனியாக மாடிக்குப் போனார். கார்த்திகேசுவின் மெத்தை கருகி, கட்டிலில் சுருள் கம்பி மட்டும் மிஞ்சியிருந்தது. கட்டிலோரம் நின்று கண்ணை மூடிக்கொண்டார். புகையில் எழுந்திருந்தால் அவன் எப்படிப் போயிருப்பான் என்று பார்க்க நினைத்தார். முன்படிப் பக்கம் கையை நீட்டிக்கொண்டு நடந்தார். எரிந்த பெட்டி முழங்காலில் இடித்தது. அதைத் தாண்டினால் இன்னொன்று. திரும்பித் தடவிக்கொண்டே பின்படிக்கு வந்து இறங்கினார். கடைசியில் கம்பிக் கதவு கையில் பட்டது. வெட்டிய பூட்டு இன்னும் சங்கிலியில் தொங்கிக்கொண்டிருந்தது. கண்ணைத் திறக்காமலே கொஞ்ச நேரம் அங்கே நின்றார்.

அன்றிரவு கண்ணம்மையிடம், “அவன் பொய் சொல்லாம இருந்திருந்தா நான் என்ன ஆயிருப்பேன்?” என்றார். கண்ணம்மை அவர் கையை எடுத்துத் தன் கைக்குள் வைத்துக்கொண்டார்.

மறுநாளிலிருந்து முத்தப்பன் கடை கட்டிய விதமே வேறு. ஜெயபாலன் என்ற லைசென்ஸ் உள்ள வயர்மேனை அழைத்து, ஒவ்வொரு சாமானுக்கும் தனி பிளக் வைத்து வயரிங்கை முழுக்க மாற்றினார். சூடமும் எண்ணெயும் ஆளுக்கொரு மூலைக்குப் போயின. பின்கதவுக்குச் சாவியே இல்லாமல் உள்ளிருந்து அழுத்தினால் திறக்கும் தாழ்ப்பாள் வந்தது. வெளியிலிருந்து யாரும் திறக்க முடியாது. படியில் ஒரு துடைப்பம் சாய்த்து வைத்தாலும் கண்ணம்மை எடுத்துவிட்டார். மாடியில் இனி யாரும் தூங்கக் கூடாது என்றார் முத்தப்பன். அதற்குக் கார்த்திகேசு வருத்தப்படவில்லை. புந்தோங்கில் வீடு பார்த்தாகிவிட்டது.

கடை மறுபடி திறந்த அன்று சின்னதாக ஒரு பூசை. தெருக் கடைக்காரர்கள் எல்லாரும் வந்து நெருக்கியடித்து நின்றார்கள். துளசி வீட்டாரும் வந்திருந்தார்கள். ஐயர் கணபதி மந்திரம் சொல்லிச் சாம்பிராணித் தூபத்தைத் தூக்கிக் காட்டினார். அவ்வளவுதான். ஜெயபாலன் புதிதாகக் கூரையில் மாட்டியிருந்த புகைமணி காது கிழிய அலறத் தொடங்கியது.

கார்த்திகேசு துளசியின் கையைப் பிடித்துக்கொண்டு, “எல்லாரும் பின்பக்கம் வாங்க, போலாம்!” என்று கதவை அழுத்தினான். அது உடனே திறந்துகொண்டது. நல்லம்மாள் போனார், கடைக்காரர்கள் போனார்கள், ஐயர் புகையும் தூபக்காலோடு போனார். கடைசியாகக் கண்ணம்மையை முன்னால் விட்டு முத்தப்பன் வெளியே வந்தார்.

பின்சந்து வெயிலில் எல்லாரும் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டு நின்றார்கள். உள்ளே புகைமணி இன்னும் கத்திக்கொண்டிருந்தது. தூபத்தை என்ன செய்வதென்று ஐயர் கேட்டார். வெளியிலேயே காட்டிவிடுங்கள், சாமிக்குத் தெரியும் என்றார் கண்ணம்மை.

முத்தப்பன் மட்டும் சிரிக்காமல் ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டு வந்தார். ஒருத்தரும் குறையவில்லை என்று தெரிந்த பிறகு அவரும் சிரித்தார். “சரிலா, எல்லாரும் உள்ள வாங்க,” என்றார். “பொங்கல் ஆறுது.”