காய்கறி தின்னும் பூனை

இரண்டுக்கும் ஒரே பானையில் வெந்த சோறுதான். அதே பூசணிக்காய், அதே கொத்தவரங்காய், அதே மோர். நாய் மணிக்கு முடி பளபளவென்று இருந்தது. பூனை கற்பூரத்துக்கோ விளக்கு வைக்கும் நேரம் வந்தால் தன் தட்டு இருக்கும் இடம் தெரியவில்லை.

கோமளம் இதைச் சோதித்தும் பார்த்தாள். பகலில் தட்டை இடம் மாற்றி வைத்தாள். பூனை நேராக அதனிடம் வந்தது. அந்தியில் மாற்றி வைத்தாள். பழைய இடத்துக்கே போய் வெறும் தரையை முகர்ந்துகொண்டு நின்றது. ஆகவே அது பகலில் தட்டைக் கண்ணால் கண்டுபிடித்தது, மாலையில் ஞாபகத்தால். இது ஏன் என்றுதான் அவளுக்குப் புரியவில்லை. ஒரே சோறு ஒன்றை வளர்த்து இன்னொன்றை ஏன் குருடாக்க வேண்டும்?

அவள் செங்கல்பட்டில் வக்கீல் ராஜகோபாலன் வீட்டுச் சமையல்காரி. அவர் மனைவி ரங்கநாயகிக்கு ஒன்றுவிட்ட தங்கை. புருஷன் பம்பாய்க்குப் போகிறேன் என்று போனவன் திரும்பவில்லை. அக்கா வீட்டு அடுக்களையை விட்டால் அவளுக்குப் போக்கிடம் கிடையாது. அது 1954.

ராஜகோபாலன் ஊரில் ஜீவகாருண்ய சங்கத்தின் தலைவர். மாமிசம் எந்தப் பிராணிக்கும் தேவையில்லை என்பது அவர் கட்சி. சாட்சிக்கு நாய் ஒன்று, பூனை ஒன்று. பூனை எலி பிடித்துவிடக் கூடாது என்பதற்காக அதைக் கம்பிவலை அடித்த பெட்டியில் போட்டிருந்தார். சாப்பிடும்போது மட்டும் வெளியே விடுவார்கள். மடி கெட்டுவிடும் என்று அவர் அதை ஒரு நாளும் தொட்டதில்லை.

"கழுகு மாமிசம் தின்னப் பொறந்தது. அதுவே திருக்கழுக்குன்றம் மலையில தினம் உச்சிவேளைக்கு வந்து சக்கரைப் பொங்கல் தின்னுட்டுப் போறது. பூனைக்கு என்ன கேடு?" என்பார். மலைக்குப் போய்க் கழுகைப் பார்த்தவர்கள் அத்தனை பேரும் தலையாட்டுவார்கள்.

தை மாதம் சங்கத்தின் ஆண்டு விழா. கூட்டம் பொழுது சாய்ந்த பிறகுதான் தொடங்கும். மேடையில் நாயும் பூனையும் எல்லோர் முன்பும் காய்கறிச் சோறு தின்ன வேண்டும்.

"கற்பூரம் தட்டு கிட்டத் தானா நடந்து போகணும்," என்றார் ராஜகோபாலன். "முட்டிண்டு நின்னுதோ, நீ பெட்டியைக் கட்டிண்டு பம்பாய்க்குப் போய் ஆம்படையானைத் தேடலாம்."

"அத்திம்பேர், அதுக்குக் கண்ணு சரியா தெரியலை."

"பட்டினி போடு. பசி வந்தா கண்ணு தானா தெரியும்."

ரங்கநாயகி கூடத்திலிருந்தே சொன்னாள்: "உன் கைராசி அப்படி, கோமளம். மொதல்ல ஆம்படையான் போனான். இப்போ பூனை போறது."

கண்ணுக்கு நல்லது என்று யாரைக் கேட்டாலும் என்ன சொல்வார்கள்? கோமளம் அதையே செய்தாள். பொன்னாங்கண்ணியைப் பொடியாக நறுக்கி வேகவைத்துப் பிசைந்தாள். அடுத்து முருங்கைக்கீரை. அடுத்து கேரட். இரண்டுக்கும் ஒரே சோறு என்பது வீட்டுச் சட்டம், அதனால் நாயும் அதைத் தின்றது, இன்னும் கொழுத்தது. பூனைக்குப் பட்டப்பகலிலேயே கண்ணில் ஈரம் வற்றியது. கருவிழியின் மேல் பாலாடை மாதிரி ஒன்று படர்ந்தது.

மளிகைக் கடைக்குப் போவதாகச் சொல்லிவிட்டு, பெட்டியோடு பூனையைத் தூக்கிக்கொண்டு கால்நடை டாக்டர் வாசுதேவனிடம் போனாள். அவர் பக்கத்துக் கிராமத்துக் கூலிக்காரக் குடும்பத்தில் பிறந்து, படித்து வந்தவர். ராஜகோபாலன் வீட்டு மாட்டுக்குக் காய்ச்சல் என்றால் கொல்லை வழியாக மட்டும் வரலாம்.

பூனையின் இமையை விரித்துப் பார்த்தார். "இன்னாம்மா போடுறீங்க இதுக்கு?"

"பொன்னாங்கண்ணிகூடப் போடறேன், டாக்டர்."

டாக்டர் சிரித்துவிட்டார். "பூனை வளக்கறீங்களா, பசுமாடா?"

பிறகு விளக்கினார். கீரையில் இருக்கும் சத்து கண்ணுக்கு அப்படியே உதவாது. அது நெல் மாதிரி. குத்தி அரிசியாக்கினால்தான் சோறு. அந்த உரல் நம் குடலில் இருக்கிறது. நாயின் குடலிலும் இருக்கிறது. பூனையின் குடலில் உரல் இல்லை. ஏனென்றால் அதற்குத் தேவைப்பட்டதே இல்லை. எலியும் மீனும் ஏற்கெனவே குத்தி, தங்கள் ஈரலில் சேர்த்து வைத்த அரிசியை அது தின்றுவிடுகிறது. பூனைக்கு மூட்டை மூட்டையாகக் கீரை கொடுத்தாலும், உரல் இல்லாத வீட்டில் நெல்லைக் கொட்டியது போலத்தான்.

"மோர் ஊத்தறேனே?"

"பால்ல அந்தச் சத்து கொஞ்சம் கீது. ஆனா கொழுப்போட ஒட்டிக்கினு கீது. கடைஞ்சா வெண்ணெயோட போயிடும். வெண்ணெய் யாருக்கு?"

வெண்ணெய் உருகி நெய்யாகி ராஜகோபாலனின் இலையில் விழுந்துகொண்டிருந்தது.

"வெண்ணெயே போட்டாலும் பத்தாது. மாமிசத்துல வேற சத்தும் கீது, அதெல்லாம் பூனைக்கு வேணும். நாயி பொழைச்சுக்கும். பூனை பொழைக்காது."

"மலையில கழுகு பொங்கல் தின்னுட்டு உசிரோடதானே இருக்கு?"

"தின்னுட்டு எங்க போவுதுன்னு ஒரு நாளாச்சும் யாராச்சும் பின்னாடியே போயிப் பாத்தீங்களா? மத்தியானத்துக்கு மேல செத்த மாட்டு மேல குந்திக்கினு கீது. பொங்கல் மலையில. சாப்பாடு வேற எடத்துல."

கற்பூரத்தின் கண் இனித் திரும்பாது என்றும் சொன்னார். மாலைக்கண்ணாக இருந்தபோதே மீன் எண்ணெய் கொடுத்திருந்தால் சரியாகியிருக்கும். இப்போது கருவிழியே வெந்துபோயிருக்கிறது. உயிரையாவது காப்பாற்ற வேண்டுமென்றால் தினம் ஒரு ஸ்பூன் எண்ணெய்.

அந்த எண்ணெய் வீட்டிலேயே இருந்தது. ராஜகோபாலனுக்கு மார்ச்சளி, வைத்தியர் சுறா மீன் எண்ணெய் எழுதிக் கொடுத்திருந்தார். தினமும் காலையில் மூக்கைப் பிடித்துக்கொண்டு ஒரு ஸ்பூன் குடித்துவிட்டு, வாயில் ஏலக்காய் போட்டுக்கொள்வார்.

"அத்திம்பேர், அதுல ஒரு ஸ்பூன் பூனைக்குக் கொடுத்தா..."

அவர் ஏலக்காயை மென்று முடித்தார். வக்கீல் அல்லவா, வார்த்தையைத் தேடவில்லை. "எனக்கு அது ஔஷதம். பூனைக்கு அது ஆகாரம். ஔஷதத்துக்கு தோஷமில்லை. ஆகாரத்துக்கு உண்டு."

பிறகு முதல் முறையாகக் குனிந்து பெட்டிக்குள் பார்த்தார். வெள்ளைக் கண்கள் இரண்டும் அவர் குரல் வந்த பக்கம் திரும்பின.

"சீ. இதை மேடையில வச்சா சிரிப்பா. சாக்குல கட்டிக் கொளவாய் ஏரியில போட்டுட்டு வா. வேற ஒண்ணு கொண்டு வரச் சொல்லு. அதுவும் இப்படி ஆச்சுன்னா, அன்னிக்கே நீ கெளம்பறே."

சாக்கை ஏரிக்கரை வரை கொண்டுபோனாள். உள்ளே பூனை அசையாமல் இருந்தது. துணிக்கு வெளியே அவள் விரல் பட்ட இடத்தில் தலையை வைத்துத் தேய்த்தது. அவளால் முடியவில்லை. சந்தைப்பக்கம் நடந்தாள். அங்கே மாமல்லபுரத்துக் கரையிலிருந்து பஸ்ஸில் கருவாட்டுக் கூடை கொண்டுவந்து விற்கும் செங்கம்மாள் இருந்தாள். கற்பூரத்தைக் குட்டியாகக் கொண்டுவந்து கொடுத்தவளும் அவள்தான்.

செங்கம்மாள் சாக்கைப் பிரித்துப் பார்த்தாள். "அடிப் பாவிங்களா. நல்ல குட்டியா குடுத்தேனே. இன்னா போட்டீங்க?"

"பூசணிக்காய்."

"ஏம்மா, உங்க வூட்டு ஐயருக்கு மீன் போட்டா உடுவாரா? இதுக்கு மட்டும் பூசணிக்காயா?" கூடையிலிருந்து ஒரு நெத்திலியை எடுத்து நீட்டினாள். கற்பூரம் மூக்கால் தேடிப் பிடித்து, கழுத்தை வளைத்து வளைத்து விழுங்கியது. தொண்டையிலிருந்து உறுமல் வந்தது. அப்படி ஒரு சத்தம் அதற்கு உண்டு என்பதே கோமளத்துக்குத் தெரியாது.

"எடுத்துக்கினு போறேன். ஆனா ஒண்ணு சொல்றேன், கண்ணு இல்லாத பூனைய எங்க கரை நாய்ங்க உட்டு வைக்காது."

அடுத்த சந்தைக்குக் கோமளம் போனபோது செங்கம்மாள் அவள் கேட்பதற்குமுன் கையை விரித்தாள். "அன்னிக்கே முடிஞ்சிடுச்சி. வலை காயுற எடத்துல நின்னுக்கினு இருந்திச்சி. எந்தப் பக்கம் ஓடுறதுன்னு தெரியல அதுக்கு."

கோமளம் கணக்குப் போட்டாள். வீட்டுக்கு இன்னொரு பூனை கொண்டுபோக வேண்டும். அதுவும் குருடாகும். அன்றைக்கு அவள் தெருவில் நிற்பாள். அவள் மனத்தில் டாக்டர் சொன்ன கழுகு வந்து உட்கார்ந்தது. பொங்கல் மலையில், சாப்பாடு வேறு இடத்தில்.

"செங்கம்மா, அதே மாதிரி வெள்ளைப் பூனை இருக்கா?"

"அதுங்கூடப் பொறந்தது ரெண்டு கீது. பெத்த பூனைக்கே அடையாளம் தெரியாது."

"ரெண்டும் வேணும். ஆனா ஒண்ணுதான் எடுத்துண்டு போவேன்."

செங்கம்மாளுக்குப் புரிய வைக்க வேண்டியிருந்தது. கோமளம் டாக்டரைப் போலவே நெல்லும் உரலும் வைத்துச் சொன்னாள். ஈரல் ஒரு தானியக் குதிர். மீன் தின்னும் பூனைக்குக் குதிர் நிறைந்திருக்கும். காய்கறி தின்னும்போது குதிரில் இருப்பதைக் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துச் செலவு செய்யும். கற்பூரத்துக்குக் கண் மங்கியது வந்த உடனே அல்ல, மாசக்கணக்கில் கழித்துத்தான். அதுவரை குதிரில் நெல்லல்ல, அரிசி இருந்தது. அது தீருமுன் பூனையைக் கரைக்கு அனுப்பிவிட்டு, நிறைந்த குதிரோடு இருக்கும் மற்றதை வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டால்?

"ஐயரு கண்டுபிடிக்க மாட்டாரா?"

"தொட்டாதானே தெரியும்."

செங்கம்மாள் வெற்றிலைச் சாற்றைத் துப்பிவிட்டுச் சிரித்தாள். "எனக்கு இன்னா குடுப்பே? கஞ்சிக்கு நார்த்தங்கா ஊறுகா குடு. அது போதும்."

ஆண்டு விழாவில் பெட்ரோமாக்ஸ் வெளிச்சத்தில் கற்பூரம் என்ற பெயருள்ள பூனை மேடையின் குறுக்கே நேராக நடந்து போய்க் கொத்தவரங்காய்ச் சோற்றைத் தின்றது. முந்தின இரண்டு நாள் ராஜகோபாலன் உத்தரவுப்படி அது பட்டினி. கூட்டம் கைதட்டியது. "இதே பூனைதான், நண்பர்களே, வந்த நாள் முதல் காய்கறி மட்டுமே!" என்றார் அவர். அவர் பொய் சொல்லவில்லை, அப்படித்தான் நம்பினார்.

அன்றைக்குக் கைதட்டிய பலர் வீட்டுக்குப் போய்த் தங்கள் பூனைகளையும் பெட்டியில் அடைத்தார்கள். மழைக்காலம் வருவதற்குள் அந்தத் தெருக்களில் பூனைகள் அந்தியில் தூணில் முட்டிக்கொண்டன. டாக்டர் வாசுதேவனிடம் யாரும் கொண்டுபோகவில்லை. ராஜகோபாலனிடம் வந்து கேட்டார்கள். அவர் பொன்னாங்கண்ணி கொடுக்கச் சொன்னார். அந்தப் பூனைகளுக்காகக் கோமளத்தால் ஒன்றும் செய்ய முடியவில்லை. செய்ய முயலவும் இல்லை. வாயைத் திறந்தால் பெட்டியைக் கட்ட வேண்டியவள் அவள்தான்.

அமாவாசைதோறும் ராஜகோபாலனும் ரங்கநாயகியும் கடலில் குளிக்க மாமல்லபுரம் போவார்கள். அன்றைக்கு வீட்டில் யாரும் இல்லை. செங்கம்மாள் மூடிய கூடையோடு கொல்லை வாசலுக்கு வருவாள். ஊறுகாய் ஜாடியோடு திரும்புவாள். நாய் மணிக்கு மட்டும் விஷயம் தெரியும். புதிதாக வந்த பூனையின் வாயை அன்று முழுவதும் நக்கிக்கொண்டே இருக்கும்.

நாய்க்கு ஒரே நாய் போதும். காய்கறிச் சோற்றில் அது பிழைத்துக்கொள்ளும். ஒரு பூனை காய்கறி தின்று வாழ வேண்டுமானால் இரண்டு பூனைகள் வேண்டும். ஒன்று காய்கறி தின்னும்போது மற்றது மீன் தின்ன வேண்டும். மாதம் ஒருமுறை இரண்டையும் மாற்ற வேண்டும்.