வெந்நீர் வர நாற்பது எண்ண வேண்டும்

ஒரு நாளைக்கு முந்நூறு பேரை நம்பாமல் இருப்பதற்காக எனக்குச் சம்பளம் தருகிறார்கள். விடுதிகளில் தங்கிவிட்டு வருகிறவர்கள் இணையத்தில் எழுதிப் போடும் கருத்துகளைப் படித்து, இது உண்மை, இது பொய் என்று பிரிப்பது என் வேலை. திரையில் இரண்டு பொத்தான்கள். பச்சையை அழுத்தினால் கருத்து வெளியாகும், சிவப்பை அழுத்தினால் காணாமல் போகும். விடுதிக்காரர் மச்சானை விட்டு எழுதச் சொன்னது, பக்கத்து விடுதிக்காரர் வயிற்றெரிச்சலில் எழுதியது, கூலிக்கு எழுதியது எல்லாம் என்னிடம் வந்துதான் மாட்டும்.

"சொர்க்கம் மாதிரி இருந்தது" என்று எழுதியிருந்தால் யோசிக்காமல் சிவப்பு. நிஜமாகத் தங்கியவன் சொர்க்கத்தைப் பற்றி எழுதமாட்டான், குழாயைப் பற்றி எழுதுவான். எவ்வளவு பிடித்துப்போனாலும் ஒரு சின்னக் குறை சொல்லாமல் அவனால் முடிக்க முடியாது. தலையணை கல் மாதிரி, ஜன்னல் சாத்த வரவில்லை, பக்கத்து அறைக்காரர் காலை ஐந்து மணிக்குக் காறினார். அந்த முணுமுணுப்பு இருந்தால் பச்சை.

ஏழு வருஷமாக இதே வேலை, சாப்பிட உட்கார்ந்தால் வீட்டிலும் இதே பேச்சு. என் வீட்டுக்காரர் ஒரு டைல்ஸ் கம்பெனியின் கிடங்கில் சரக்கு சரிபார்ப்பவர். எண்ணுகிற பழக்கம் அவரோடு ஒட்டிக்கொண்டுவிட்டது. படி ஏறினாலும் எண்ணுவார், குழாயைத் திறந்துவிட்டு வெந்நீர் வரும்வரை நின்று எண்ணுவார். நான் பேசப் பேசத் தலையாட்டிக் கேட்பார். இவ்வளவு கவனமாகக் கேட்கிற புருஷன் எத்தனை பேருக்கு வாய்த்திருக்கிறான் என்று எனக்கு உள்ளூரப் பெருமைகூட உண்டு.

இந்த வருஷம் கிறிஸ்துமஸுக்கு எனக்கு ஐந்து நாள் சேர்ந்தாற்போல் விடுமுறை கிடைத்தது. நாலு வருஷமாக நாங்கள் எங்கேயும் போனதில்லை. அலுவலக வரவேற்பறையில் பிளாஸ்டிக் மரம் நட்டு, கிளைகளில் பஞ்சைப் பிய்த்துப் பனி என்று ஒட்டியிருந்தார்கள். வெளியே வெயில் மண்டையைப் பிளந்தது. அந்தப் பஞ்சைப் பார்க்கப் பார்க்க, குளிர்கிற இடமாகப் போக வேண்டும் என்று எனக்கு வெறியே வந்துவிட்டது.

இடமும் கைவசம் இருந்தது. இரண்டு மாதம் முன்னால் ஒரு கருத்துக்குப் பச்சை அழுத்தியிருந்தேன். மலைமேல் ஒரு தனி வீடு. அதில் தங்கியவர் இப்படி எழுதியிருந்தார்:

"பாதை மோசம், இடுப்பு கழன்றுவிடும். சமையலறைக் கதவு கிறீச்சிடும். இரண்டாம் நாள் மாலை வாசல் நாற்காலியில் என் மனைவி தூங்கிப்போனாள். ஒரு செருப்பு காலில், ஒரு செருப்பு கீழே. எழுப்ப மனசு வரவில்லை. கொசு கடிக்குமே என்று காலைத் துண்டால் மூடிவிட்டு, கதவு சத்தம் போடும் என்பதால் உள்ளே போகாமல் அங்கேயே நின்றேன். மறுபடியும் போவோம்."

ஏழு வருஷத்தில் இவ்வளவு உண்மையான ஒன்றை நான் படித்ததில்லை. முகம் தெரியாத அந்த மனுஷன்மேல் எனக்கு ஒரு பிரியமே வந்துவிட்டது. அதைக் கைப்பேசியில் எடுத்து வைத்திருந்தேன். சாப்பிடும்போது சத்தமாக வாசித்துக் காட்டினேன்.

"பாத்தீங்களா, இப்படியும் ஆம்பளைங்க இருக்காங்க. பொண்டாட்டி தூங்கறாளேன்னு வெளியிலயே நிக்கறாரு. நீங்க என்னைக்காவது நின்னிருக்கீங்களா?"

அவர் தட்டைப் பார்த்தபடி இருந்தார். "அந்த இடம் வேணாம்" என்றார்.

"ஏன்?"

"வேணாம்னா விடேன். அந்த வீட்டைப் பத்தி நமக்கு என்ன தெரியும்?"

"என்ன தெரியணும்? தங்கினவரே எழுதியிருக்காரு."

"கடற்கரைப் பக்கம் போலாம். எனக்கு ஒரு நல்ல விடுதி தெரியும்."

"எப்படித் தெரியும்?"

"நெட்ல பாத்தேன்" என்றார், விடுதியின் பேரையும் சொன்னார், தண்ணீர் குடித்தார், எழுந்து போய்விட்டார். எங்கள் எட்டு வயது மகள், நீச்சல் குளம் உள்ள எந்த இடத்துக்கும் தான் சம்மதம் என்றாள். அவளை யாரும் கேட்கவில்லை.

கல்யாணமாகிப் பத்து வருஷத்தில் அவர் எதற்கும் அடம்பிடித்ததில்லை. சுவருக்கு என்ன நிறம் என்றால் உன் இஷ்டம் என்பார். அப்படிப்பட்டவருக்கு ஒரு மலைவீட்டின் மேல் அவ்வளவு வெறுப்பு, ஒரு கடற்கரை விடுதியின் மேல் அவ்வளவு ஆசை. எனக்கு மூக்கில் வியர்த்துவிட்டது.

மறுநாள் அலுவலகத்தில் முதல் வேலையாக அந்த விடுதியைத் தேடி எடுத்தேன். இருபது கருத்துகள் இருந்தன. பதினோராவதில் என் கை நின்றுவிட்டது.

"அறை சுத்தம். குளியலறையில் வெந்நீர் வர நாற்பது எண்ண வேண்டும். மாடிக்குப் பதினெட்டுப் படி, ஏழாவது படி மற்றதைவிட உயரம், பார்த்து ஏறவும். நாங்கள் இருவரும் இரண்டு நாள் தங்கினோம். அவளுக்கு ஜன்னல் ரொம்பப் பிடித்தது."

நவம்பர் இரண்டாம் வாரம் என்று போட்டிருந்தது. நவம்பர் இரண்டாம் வாரத்தில் என் வீட்டுக்காரர் வெளியூர்க் கிடங்கில் சரக்கு சரிபார்க்க வேண்டும் என்று சொல்லி இரண்டு நாள் போயிருந்தார். பையில் சட்டையை மடித்து வைத்தவளே நான்தான்.

பக்கத்து நாற்காலியில் இருப்பவளை நாங்கள் கண்ணாடி என்று கூப்பிடுவோம். எங்கள் பிரிவிலேயே பொல்லாத கண் அவளுக்கு. யார், எவர் என்று சொல்லாமல் திரையை அவள் பக்கம் திருப்பினேன்.

இரண்டு தடவை படித்தாள். "உண்மை. ஏழாவது படியை எவனும் கற்பனை பண்ண மாட்டான். பச்சை."

"நல்லா பாரு."

"பாத்துட்டேன். ஆளு அங்க போயிருக்கான். கூட ஒருத்தி இருந்திருக்கா. என்ன, உனக்கு முகம் ஒரு மாதிரி இருக்கு?"

"ஏசி காத்து" என்றேன். திரையை என் பக்கம் திருப்பிக்கொண்டேன்.

எனக்குப் பிடிபடாதது ஒன்றுதான். ஒருத்தியைக் கூட்டிக்கொண்டு போன இடத்துக்கே பொண்டாட்டி பிள்ளையையும் கூட்டிப்போக ஒருவன் ஏன் துடிக்க வேண்டும்? ஒருவேளை அவள் அங்கேயே வேலை பார்க்கிறவளோ? அந்த விடுதி வரவேற்பறைப் படத்தைப் பெரிதாக்கி, மேஜைக்குப் பின்னால் நின்ற பெண்ணை ஒரு மணி நேரம் பார்த்தேன். அவளுக்கு ஐம்பது வயதிருக்கும். அதனால் என்ன என்றும் தோன்றியது.

அன்று சாயங்காலம் துணி மடித்துக்கொண்டே, "அந்தக் கடற்கரை விடுதியில மாடிப்படி கொஞ்சம் மோசமாம்ல?" என்று சும்மா கேட்பதுபோல் கேட்டேன்.

அவர் மகளின் நோட்டுக்கு அட்டை போட்டுக்கொண்டிருந்தார். கத்தரிக்கோல் நின்றது. "அப்படியா? எனக்கு எப்படித் தெரியும், நான் என்ன போயா பாத்தேன்?" என்றார். மறுபடி வெட்ட ஆரம்பித்தபோது அட்டை கோணலாகப் போயிற்று.

போகாதவர் ஏன் கோணலாக வெட்ட வேண்டும்? அவர் குளிக்கப் போன நேரத்தில் சட்டைப்பைகளைத் துழாவினேன். பேனா, பேருந்துச் சீட்டு, மகளின் கிளிப் ஒன்று. ஒன்றுமே கிடைக்காததுதான் எனக்கு இன்னும் சந்தேகமாக இருந்தது.

அடுத்த நாள் பதினோரு மணிக்கு, கண்ணாடியின் கைப்பேசியை வாங்கிக்கொண்டு படிக்கட்டுப் பக்கம் போய் டைல்ஸ் கம்பெனிக்கு அழைத்தேன். சரக்கு சரிபார்க்கிறவர் இருக்கிறாரா என்றேன்.

"அவரா?" என்றாள் அந்தப் பெண். "அவர் ஆகஸ்ட்லயே நின்னுட்டாரேம்மா. அந்தக் கிடங்கையே மூடியாச்சு. நீங்க யாரு பேசறது?"

நான் யார் என்று எனக்கே தெரியவில்லை. ஆகஸ்ட், செப்டம்பர், அக்டோபர், நவம்பர். தினமும் எட்டரைக்கு நான் கிளம்பும்போது அவரும் சட்டையைத் தேய்த்துப் போட்டுக்கொண்டு கூடவே தெருமுனைவரை வந்தாரே, அது என்ன? நாலு மாதமாக என் தலையில் மிளகாய் அரைத்திருக்கிறார். தலைவலி என்று மேலாளரிடம் சொல்லிவிட்டு ஆட்டோ பிடித்தேன்.

வீட்டுக்கு எதற்குப் போகிறேன் என்று வழியெல்லாம் யோசிக்கவில்லை. மகள் பள்ளிக்கூடத்தில் இருக்கும் நேரம், நான் அலுவலகத்தில் இருக்கும் நேரம், வீடு காலி. வேறு எங்கே இருக்கப்போகிறார்கள்? சத்தமில்லாமல் சாவியைப் போட்டுத் திறந்தேன். கூடத்தில் மின்விசிறி ஓடிக்கொண்டிருந்தது. மேஜைமேல் இரண்டு காபி டம்ளர்கள்.

கையும் களவுமாகப் பிடித்துவிட்டேன் என்று நினைத்தபோது எனக்குக் கோபம் வரவில்லை. சமையலறையிலிருந்து அவர் குரல் கேட்டது. "முப்பத்தி ஒண்ணு, முப்பத்தி ரெண்டு, முப்பத்தி மூணு."

எட்டிப் பார்த்தேன். வேறு யாரும் இல்லை. வீட்டு உடையில் தொட்டியருகே நின்று, குழாயைத் திறந்துவிட்டு, விரலை நீட்டித் தண்ணீரின் சூட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் மடிக்கணினி. என்னைப் பார்த்ததும் குழாயை மூடக்கூட மறந்துவிட்டார்.

"யாரு இன்னொரு டம்ளர்?" என்றேன்.

"ரெண்டும் என்னுதுதான். காலைல ஒண்ணு, இப்ப ஒண்ணு."

மடிக்கணினியை என் பக்கம் திருப்பினேன். நான் பார்த்தே இராத ஏதோ ஒரு விடுதியைப் பற்றிப் பாதி எழுதியிருந்தார். வெந்நீருக்கு எத்தனை எண்ண வேண்டும் என்ற இடம் மட்டும் காலியாக இருந்தது.

குழாயை நான் மூடினேன். அவர் நாற்காலியில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னார். கிடங்கு மூடியதை அன்றே சொல்ல நினைத்தாராம், நாக்கு வரவில்லையாம். வேறு வேலை கிடைத்ததும் சொல்லிக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட்டாராம். நவம்பரில் இரண்டு நாள் போனது ஒரு நேர்முகத் தேர்வுக்கு, அதுவும் அமையவில்லை. நடுவில் யாரோ இந்த வேலையைச் சொல்லியிருக்கிறார்கள், விடுதிகளுக்குக் கருத்து எழுதித் தருவது. மாதம் பிறந்ததும் சம்பளம் என்று என் கையில் கொடுத்தது இதில் வந்ததுதான். கடற்கரை விடுதிக்காரர் இவருடைய எழுத்தில் சொக்கிப்போய், குடும்பத்தோடு வந்து மூன்று நாள் சும்மாவே தங்கிக்கொள்ளச் சொல்லியிருக்கிறார்.

"அந்த ஏழாவது படி?"

"நம்ம மாடிப்படிதான். நீ தினமும் இடிச்சுக்கறியே."

"ஜன்னல் பிடிச்சுதுன்னு ஒருத்தி?"

"கூட ஆள் இருந்தா நம்புவாங்கன்னு நீதானே சொன்னே, சாப்பிடும்போது."

வேறு ஒருத்தி இல்லை என்று தெரிந்ததும் ஒரு நிமிஷம் உயிர் திரும்பி வந்தது. மறு நிமிஷம் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஒருத்தி இருந்திருந்தால்கூட நான் இவ்வளவு ஏமாந்திருக்கமாட்டேன். ஏழு வருஷம் சோறு போட்டு, பக்கத்தில் உட்காரவைத்து, பொய்யை எப்படி உண்மையாக எழுதுவது என்று நானே பாடம் எடுத்திருக்கிறேன். அதை என் மேஜைக்கே அனுப்பியிருக்கிறார். நானும் எத்தனைக்குப் பச்சை அழுத்தினேனோ.

"எழுதினது எல்லாத்தையும் காட்டுங்க" என்றேன்.

காட்டினார். நூற்றுப் பன்னிரண்டு இருந்தது. உருட்டிக்கொண்டே போனேன். கதவுகள், குழாய்கள், காறுகிற பக்கத்து அறைக்காரர்கள். நடுவில் ஓரிடத்தில், "பாதை மோசம், இடுப்பு கழன்றுவிடும்" என்று வந்தது.

நான் நிமிர்ந்து பார்த்தேன். அவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அதனாலதான் வேணாம்னேன். அந்த வீட்டை நான் பாத்ததே இல்ல. கூரை இருக்கா இல்லையான்னுகூடத் தெரியாது. குழந்தையக் கூட்டிக்கிட்டு அங்க போய் நின்னா?"

"அந்த நாற்காலி?"

"எந்த நாற்காலி?"

"தூங்கினா, செருப்பு, துண்டு. அதையும் எங்கிருந்தோ அடிச்சு விட்டீங்களா?"

அவர் கூடத்தைக் காட்டினார். ஜன்னலோரம் கிடக்கும் பிரம்பு நாற்காலி. வேலைவிட்டு வந்ததும் நான் விழுகிற இடம். எத்தனையோ சாயங்காலம் அதில் கண் விழிக்கும்போது காலில் துண்டு கிடந்திருக்கிறது. மகள் போர்த்தியிருப்பாள் என்று அவளுக்குத்தான் முத்தம் கொடுத்திருக்கிறேன். அவளும் வாங்கிக்கொண்டிருக்கிறாள்.

"இதை ஏன் என்கிட்ட சொல்லல?" என்றேன். வேலை போனதைக் கேட்கிறேன் என்று அவர் நினைத்துக்கொண்டார். "நீ நம்பமாட்டேன்னு நினைச்சேன்" என்றார்.

மறுநாள் அலுவலகம் போய் நூற்றுப் பன்னிரண்டையும் தேடித் தேடிச் சிவப்பு அழுத்தினேன். எப்படிக் கண்டுபிடித்தேன் என்று மேலாளர் கேட்டபோது உண்மையைச் சொன்னேன். என்னை என்ன செய்வது என்று விடுமுறை முடிந்து சொல்கிறார்களாம். மலைவீட்டுக் கருத்தைக் கடைசிக்கு வைத்திருந்தேன். ஒருமுறை படித்தேன். வீடு பொய், பாதை பொய். அதையும் அழித்தேன். கைப்பேசியில் எடுத்து வைத்திருந்ததை மட்டும் அழிக்கவில்லை.

கடற்கரையும் வேண்டாம், மலையும் வேண்டாம் என்று முடிவாயிற்று. ஒருத்தரும் ஒரு வரிகூட எழுதாத இடமாகப் பார்த்து, ஏரிக்கரையில் ஒரு சின்ன வீட்டைப் பதிவு செய்தேன். நீச்சல் குளம் இல்லையா என்று மகள் கேட்டாள். ஏரியே இருக்கிறது என்று அவர் சமாதானம் சொன்னார். நான் அவரோடு இன்னும் சரியாகப் பேசவில்லை. பேசாமல் இருப்பதற்கு எனக்கு உரிமை இருக்கிறது.

அன்று சாயங்காலம் வந்ததும் பிரம்பு நாற்காலியில் சாய்ந்தேன். கண்ணை மூடி, ஒரு செருப்பை மட்டும் நழுவவிட்டேன். தூக்கம் வரவில்லை. வரவிடவும் இல்லை. ஏழு வருஷப் பழக்கம், நேரில் பார்க்காமல் எனக்குப் பச்சை அழுத்த வராது.

காலடிச் சத்தம் பக்கத்தில் வந்து நின்றது. ரொம்ப நேரம் நின்றது.

"நடிக்காத" என்றார். "தூங்கும்போது உனக்கு வாய் திறந்திருக்கும். லேசா எச்சில்கூட வடியும்."

நான் கண்ணைத் திறக்காமலேயே வாயைத் திறந்து வைத்துக்கொண்டேன். கொஞ்ச நேரம் கழித்துக் காலில் துண்டு விழுந்தது.