ஆறாவது புகார்

ஏழாம் வகுப்பு இசக்கிப்ரியா கணக்குப் பீரியட் முடிந்தும் பெஞ்சை விட்டு எழுந்திருக்கவில்லை. கோகிலவாணி பக்கத்தில் போய்க் குனிந்தபோதுதான் ஸ்கர்ட் நனைந்திருப்பது தெரிந்தது.

"காலைலருந்து தண்ணியே குடிக்கல டீச்சர். அப்பவும் அடக்க முடியல," என்றாள் பெண், தரையைப் பார்த்தபடி. "யார்ட்டயும் சொல்லிராதீங்க. சத்தியம் பண்ணுங்க, பக்கா."

லேபர் கேம்ப் குடிசைப் பகுதியில் இருந்த அந்தத் தமிழ்ப் பள்ளியில் பெண்கள் கழிப்பறையைப் பூட்டி நான்கு மாதம் ஆகிறது. மோட்டார் பழுது, மேல் தொட்டிக்குத் தண்ணீர் ஏறவில்லை. வீட்டுக்கு ஓடலாமென்றால் முக்கால்வாசிப் பேருக்கு வீட்டிலும் கிடையாது. சந்து முனைப் பொதுக் கழிப்பறையில் வரிசை நின்று திரும்புவதற்குள் இரண்டு பீரியட் போய்விடும். மாதத்தில் நாலு நாள் பெரிய பெண்கள் வருவதே இல்லை. பள்ளியை நடத்தும் டிரஸ்டின் இணையதளத்தில் கோகிலவாணி ஐந்து முறை புகார் போட்டாள். ஐந்து முறையும் இரண்டே நாளில் 'சரிசெய்யப்பட்டது' என்று பதில் வந்தது, கூடவே தண்ணீர் கொட்டும் ஒரு குழாயின் படம். அது இந்தப் பள்ளிக் குழாயே இல்லை. போன் செய்தால், "சிஸ்டத்துல க்ளோஸ் ஆயிட்டு மேடம்," என்றார்கள்.

தன் துப்பட்டாவை இசக்கிப்ரியாவின் இடுப்பில் சுற்றி வீட்டுக்கு அனுப்பினாள். மற்ற பதினாறு பெண்களைப் பார்த்தாள்.

"எல்லாவளும் எந்திங்க. வெளிய போவோம்."

கேட்டில் தலைமையாசிரியர் பிரம்மநாயகம் நின்றிருந்தார். டிரஸ்ட் ஆபீஸுக்குப் போகிறோம் என்றாள். "மார்ச்சோட உங்க கான்ட்ராக்ட் முடியுது டீச்சர்," என்றார் மெதுவாக. "அவங்கதான் கையெழுத்துப் போடணும்." ஆனாலும் வழியை விட்டு ஒதுங்கிக்கொண்டார்.

பக்கத்து மாட்டுங்காவில் இருந்த டிரஸ்ட் ஆபீஸ் வராண்டா முழுக்க நீல யூனிஃபார்ம் நிறைந்ததும், செயலாளர் வைத்தீஸ்வரன் அறையிலிருந்து வந்தார்.

"என்னம்மா இது, எக்ஸ்கர்ஷனா?"

"பிள்ளைளுக்கு பாத்ரூம் போணும் சார். எங்க ஸ்கூல்ல தண்ணி இல்ல. இங்க வருதுல்லா?"

"இது ஸ்டாஃப் டாய்லெட். கம்ப்ளைன்ட் போடுங்கோ, பாக்கறேன்."

"அஞ்சு போட்டாச்சு."

"இன்னொண்ணு போடறது."

அவர் கேலி செய்யவில்லை. அதுதான் வழி என்று நம்பிச் சொன்னார். கத்தினால்கூட இவருக்குப் புரியப்போவதில்லை.

"இன்னொண்ணைத்தான் கூட்டிட்டு வந்திருக்கேன்," என்று சொல்லிவிட்டு, கழிப்பறைக் கதவை அவளே திறந்து மும்மூன்று பேராக உள்ளே அனுப்பினாள்.

செயலாளர் அறைக்குள் போய்ப் போனை எடுத்தார். "பேர் என்ன சொன்னேள், கோகிலவாணியா?" என்று யாரிடமோ கேட்பது வெளியே கேட்டது. தன் பெயரை அவர் இரண்டு முறை எழுத்துக்கூட்டுவதைக் கேட்டுக்கொண்டே அவள் நின்றாள்.

உள்ளே முதலில் குசுகுசுப்பு. பிறகு சிரிப்பு. முகம் கழுவினார்களோ, ஒருத்தி மேல் ஒருத்தி தெளித்துக்கொண்டார்களோ, கதவிடுக்கு வழியாகத் தண்ணீர் கசிந்து வெள்ளை டைல்ஸில் பரவியது. குழாயை மூடச் சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் இன்னொரு குழாயும் திறக்கும் சத்தம் கேட்டது. தண்ணீர் அவள் செருப்பைத் தொட்டு, சுற்றிக்கொண்டு, செயலாளரின் அறைப் பக்கமாகப் போயிற்று.