சுவருக்குள் ஒழுகியது

கீழ்வீட்டுப் படுக்கையறைச் சுவரில் கறுப்பு படர்ந்ததிலிருந்து மாடியில் இருந்த பெரியவருக்கு ஒரே பேச்சுதான். "வேலைக்குப் போறவ வீட்டைப் பூட்டிட்டுப் போயிடறா. ஜன்னல் திறக்க ஆளில்ல. பூஞ்சை பிடிக்காம என்ன செய்யும்?"

பெரியவர், கீழ்வீட்டில் குடியிருந்த அவளுடைய கணவனின் அண்ணன். அவளுடைய வேலையோ, கட்டடச் சுவர்களில் குடியிருக்கும் நுண்ணுயிர்களை டி.என்.ஏ. மூலம் அடையாளம் காண்பது. சொந்தச் சுவரைத் துடைத்தும் பெயின்ட் அடித்தும் பார்த்துவிட்டாள். மகளின் இருமல்தான் கூடியது.

கடைசியில் கறுத்த இடத்தில் பூச்சைச் சுரண்டிக் குப்பியில் எடுத்தாள். ஒப்பிட்டுப் பார்க்க, அதே அறையின் காய்ந்த மூலையிலும் கொஞ்சம். ஆய்வகத்தில் இரண்டையும் சோதித்தாள். காய்ந்த மூலையில் வழக்கமான தூசிக் கிருமிகள். கறுத்த இடத்தில் பூஞ்சையோடு, மனிதக் குடலில் வாழும் பாக்டீரியாக்களும் மண்டிக் கிடந்தன. சாக்கடைத் தண்ணீர் ஒழுகாமல் அவை சுவருக்குள் இப்படிப் பெருக வழியில்லை. நேர் மேலே பெரியவரின் புதுக் குளியலறையும் கழிப்பறையும்.

கணவனோடு மாடியேறிச் சொன்னாள்.

"உன் லேப், உன் மெஷின். உனக்கு வேண்டினதைத்தானே சொல்லும்?" என்றார் பெரியவர்.

"அப்ப உடைச்சுப் பாருங்க அத்தான்."

"புது டைல்ஸை உன் பேச்சைக் கேட்டு உடைக்கணுமா?"

"எங்க கக்கூஸை ஆராயத்தான் இவ்வளவு படிச்சாளாக்கும்," என்றாள் அவர் மனைவி.

கணவன், "அண்ணா, ஒரு தடவை..." என்று தொடங்கினான். பெரியவர் முறைத்தார்.

"சரி. என் பக்கத்துச் சுவரை நானே உடைச்சுக்கறேன்," என்று இறங்கி வந்தாள்.

மறுநாள் கொத்தனார் வந்தார். உளி பட்டதும் செங்கல் பொதபொதவென்று உதிர்ந்தது. நாற்றம் குப்பென்று அடித்தது. உள்ளே மாடியிலிருந்து வந்த குழாய் சொட்டிக்கொண்டிருந்தது.

"இணைப்புல பசைகூடத் தடவல. யாரு போட்டது?" என்றார் கொத்தனார், மூக்கைப் பொத்தியபடி.

சத்தம் கேட்டு மனைவியோடு இறங்கி வந்த பெரியவர் குழாயை எட்டிப் பார்த்தார். வேலையைச் செய்தது அவர் மச்சான், மனைவியின் தம்பி. அவர் மனைவி விருட்டென்று மாடிக்குப் போய்விட்டாள்.

குழாயைச் சரிசெய்தார்கள். மன்னிப்பு என்ற பேச்சே எழவில்லை. "கொத்தனார் முன்னாடி என் மானத்தை வாங்கிட்டா," என்று சொந்தக்காரர்களுக்கெல்லாம் போன் போட்டுச் சொன்னார் பெரியவர். மாடிப்படியில் கதவு வைத்து உள்பக்கம் தாழ் போட்டார்.

"நீ கொஞ்சம் பக்குவமாச் சொல்லியிருக்கலாம்," என்றான் கணவன்.

"இருமினது உங்க பொண்ணு."

ஈரம் காயட்டும் என்று சுவரைத் திறந்தே விட்டு, மகளோடு முன்னறைக்குப் படுக்கையை மாற்றிக்கொண்டாள். அவனை வரச்சொல்லவில்லை.