ஸ்பின்ஸ்டரும் ஒரு பசுவும்

1

இதில் வரும் ஒவ்வொரு சொல்லும் சத்தியம். வேதப்புத்தகம் கைக்கெட்டவில்லை, ஆங்கில அகராதிமேல் கைவைத்துச் சொல்கிறேன். 'ஏ' முதல் 'சி' வரை கறையான் தின்றுவிட்ட அகராதி. மிச்ச எழுத்துகளில் எனக்கு நிகரில்லை என்று பாறசாலையில் பேச்சு. (பேசியது நான்.) கதையும் அந்த அகராதியில் கிடைத்ததுதான்.

2

தொண்ணூற்று நான்கில், மழை சோவென்று— (வேண்டாம். எல்லாக் கதையிலும் பெய்கிறது.)

தொண்ணூற்று நான்கில், எங்கள் சபையில் எப்சிக்கும் ரெஜித்துக்கும் மூன்றாம் ஓலை வாசித்தார்கள். மூன்று ஞாயிறு கல்யாண அறிவிப்பை வாசித்து, தடை சொல்ல ஆளுண்டா என்று கேட்பது வழக்கம். யாரும் எழுந்ததில்லை. அன்று போதகர் பெண்ணை 'ஸ்பின்ஸ்டர்' என்று வாசித்ததும் ரெஜித்தின் அம்மா சரோஜம் எழுந்தார். (முதல் இரண்டு ஓலைக்கும் அவர் வரவில்லை.)

"அது கரைசேராத கிழவிக்குச் செல்லுத வார்த்தையாக்கும்! எத்தன வயச மறைச்சிய? எனக்க மவனுக்கு இந்தக் கல்யாணம் வேண்டாம்."

எப்சியின் அப்பா சத்தியதாஸ் என் பக்கம் திரும்பினார். "அண்ணா, ஒண்ணு செல்லும்."

எழுந்தேன். (இந்த இடத்தில் என்னை உயரமாக எழுதியிருந்தேன், அடித்துவிட்டேன்.) ஆதியில் அதற்கு நூல் நூற்பவள் என்றே பொருள், நூற்றுப் பிழைத்தவர்களில் மணமாகாத பெண்கள் அதிகம், பெயர் அவர்கள்மேல் ஒட்டிக்கொண்டது, கிழவி பிற்பாடு வந்து சேர்ந்தவள் என்றேன்.

"அப்போ நூத்துக் காட்டட்டு," என்றார் சரோஜம். "ராட்டு பாலராமபுரத்துல கிட்டும்."

3

இங்கே எப்சியை அழவைப்பதாகத் திட்டம். அவள் ஒத்துழைக்கவில்லை.

"பெரியப்பா, அவியள பேச்சிலருன்னு வாசிச்சாவளே, அது எங்கேருந்து வந்த வார்த்த?"

அது 'பி'. கறையான் தின்ற பகுதி. ஆகவே சந்தேகமே இல்லாமல் சொன்னேன்: "மாடு மேய்ப்பவன்."*

"அப்போ நான் நூக்குதேன், மாமி. அவிய முதல்ல உங்க பசுவ மேய்ச்சுக் காட்டட்டு."

சபை முழுதும் சரோஜத்தின் தொழுவத்துக்குப் போனது. தன் வீட்டுப் பசுவைக் கண்டாலே மதிலேறுகிறவன் ரெஜித். எப்சியைப் பார்த்தான், கயிற்றைப் பிடித்துவிட்டான்.

*பின்னால் விசாரித்ததில், அப்படிச் சொல்லும் பண்டிதர்களும் உண்டாம். என் வாழ்வின் பெரிய ஏமாற்றம் அது.

4

முடிவு ஒன்று: பசு அவனை அதியன்னூர் வரை இழுத்துப்போனது. பின்னால் ஓடிய சரோஜம், "எலே விட்டுரு மக்கா! கிழவியானாலும் கெட்டிக்கோ!" என்றார்.

முடிவு இரண்டு: எப்சி கயிற்றை வாங்கினாள். பசு நின்றது. சரோஜமும்—

எது வேண்டுமோ எடுத்துக்கொள்ளுங்கள். நம்பாதவர்கள் நேரில் வந்து கேட்கலாம். வரும்முன் ஒரு விவரம்: எங்கள் சபையில் ஓலை வாசிப்பது மலையாளத்தில்.