இராமலிங்கம் சாரின் மன உறுதி

இராமலிங்கம் சார் காலையிலிருந்து ‘மாட்டேன்’ என்ற ஒரே சொல்லை வாய்க்குள் ஊறப்போட்டிருந்தார். ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். அரியலூர் வட்டாரத்தில் எந்தப் பள்ளி ஆண்டு விழா என்றாலும் ‘மன உறுதி’ பற்றி முக்கால் மணி நேரம் பேசுபவர் அவர்தான். போதும் என்று மேடைக்குச் சீட்டு வந்தாலும் நிறுத்தாத அளவுக்கு உறுதி. இன்று சிமெண்டு ஆலைக்காரர்கள் சுண்ணாம்புக்கல் எடுக்க அவர் நிலத்தைக் கேட்டு வருகிறார்கள். பத்திரம் அவர் பெயரில் இருந்தாலும், அந்த ஒன்றரை ஏக்கர் முந்திரிக் கொல்லையில் பாடுபடுவது அவர் மனைவி கொளஞ்சியம்மாள்.

“தட்டுல மட்டும் கைய வச்சிராதீங்க” என்று அவள் சொல்லியிருந்தாள். வெற்றிலைத் தட்டை வாங்கிவிட்டால் வாக்குக் கொடுத்த மாதிரி. அதற்குப் பிறகு பேச்சை மாற்றுகிறவனை ஊரில் யாரும் மனிதனாக மதிப்பதில்லை.

“எங்கிட்டயா சொல்ற?” என்று சிரித்தார்.

பத்து மணிக்கு, அவர் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தபோது, தரகர் பூவரசன் இரண்டு பேரோடு காரில் வந்து இறங்கினான். அவரிடம் படித்தவன். நிலத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

“ஆபீஸ்லயே பேசிக்கிட்டாங்க சார். எல்லாரையும் கரைச்சிட்டோம், சார மட்டும் கரைக்க முடியாதுன்னு. நானும் சொல்லிட்டேன், அது மலைங்க, அசையாதுன்னு.”

மலை லேசாக அசைந்து நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தது.

“நீங்க ஒண்ணும் குடுக்க வேணாம் சார். ஒங்க உறுதிக்கு ஒரு மரியாத செஞ்சிட்டுப் போயிடறோம்.”

பொன்னாடையைப் பிரித்தார்கள். பக்கத்து வீட்டுக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள். அவர் கண்ணை மூடிக் கழுத்தை வாகாகக் காட்டினார். கண்ணைத் திறந்தபோது வெற்றிலை, பாக்கு, வாழைப்பழத்தோடு தட்டு அவருடைய இரண்டு கைகளிலும் இருந்தது.

“சந்தோசம் சார். வியாழக்கெழம ரிஜிஸ்தர் ஆபீஸ் போக வண்டி அனுப்பறேன்.”

ஊறிய சொல் தொண்டைவரை வந்தது. இப்போதுதான் பொன்னாடை போர்த்தியவனை எப்படிச் சங்கடப்படுத்துவது? “இல்ல தம்பி, அது வந்து…” என்றார்.

“வெயிலு ஏறுதுங்க, உள்ள போங்க” என்றான் பூவரசன். கார்க் கதவு சாத்திக்கொண்டது.

வாசற்படியில் கொளஞ்சியம்மாள் நின்றாள். முந்திரிக்கொட்டை உடைத்துக் கறுத்த விரல்களை முந்தானையில் துடைத்தாள். திட்டவில்லை. திட்டியிருந்தால் ஏதாவது பதில் சொல்லியிருப்பார்.

“வாங்கிட்டீங்கள்ல” என்றாள்.

அவர் தட்டோடு தெருவுக்கு ஓடினார். கார் முனை திரும்பிவிட்டது. எதிர்வீட்டுக் காத்தாயி, “தட்டோட எங்கங்க சார் ஓடுறீங்க? மவளுக்குக் கல்யாணம் கூடிவந்துருச்சா?” என்றாள்.

வாயைத் திறந்தார். ஒரு பழம் நழுவி மண்ணில் விழுந்தது. எங்கிருந்தோ வந்த ஆடு அதைத் தோலோடு மெல்லத் தொடங்கியது. விரட்டலாமென்றால் இரண்டு கைகளும் தட்டில் இருந்தன.