இழுக்க மட்டும் தெரிந்தவை

1

இந்தக் கதையை நான் தேடிப் போகவில்லை. கொட்டாஞ்சேனையில் ஒரு பிசியோதெரபி நிலையத்தில், வலது தோள் இறுகித் தலை வாரக்கூட முடியாமல் நான் கட்டிலில் கிடந்தபோது, பச்சைத் திரைக்கு அப்பாலிருந்து அது வந்தது. ஒரு பெண்குரல் "பம்பலப்பிட்டி" என்றது. சற்று நின்று மறுபடியும் "பம்பலப்பிட்டி". ஆறு தடவை. யாரோ வழி தெரியாமல் கேட்கிறார் என்று நினைத்து, "கோட்டைக்குப் போய் பஸ் மாறுங்கோ" என்று சொன்னேன். அப்பால் இரண்டு பேர் சிரித்தார்கள்.

ஒருத்தி நிப்லா, எங்கள் இருவருக்கும் சிகிச்சை தருபவள். மற்றவர் பத்மாவதி. ஐம்பத்து நான்கு வயது, வெள்ளவத்தையில் வீடு, நீதிமன்றத்தில் உரைபெயர்ப்பாளர். அவருடைய முகத்தின் இடது பாதி மூன்று கிழமையாக அசையவில்லை. ப, ம இரண்டும் உதடு பொருந்தினால்தான் வரும். அதற்கு நிப்லா கண்டுபிடித்த பயிற்சிச் சொல்தான் பம்பலப்பிட்டி.

2

தொடக்கத்தை மூன்று விதமாக எழுதிப் பார்த்தேன்.

"பத்மாவதியின் முகத்தில் பாதி பகலும் பாதி இருளும்..." (வேண்டாம். அவர் வாசித்தால் சிரிப்பார். சிரித்தால் வாய் இன்னும் கோணும்.)

"மனித உடலில் அறுநூறுக்கும் மேற்பட்ட தசைகள் உள்ளன. அவற்றுள்..." (பாடப்புத்தகம்.)

மூன்றாவது, நடந்தது. ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்மாவதி வாய் கொப்பளித்தபோது தண்ணீர் இடது ஓரத்தால் தானாக வழிந்தது. கண்ணாடியில் பார்த்தார். வாய் வலப்பக்கம் இழுபட்டிருந்தது. இடது கண் மூடவில்லை. கணவர் சண்முகலிங்கம், தபால் கந்தோரிலிருந்து ஓய்வுபெற்றவர், சாரத்தை மாற்றக்கூட நில்லாமல் ஓட்டோ பிடித்துக் களுபோவில ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். பாரிசவாதம் என்றே இருவரும் நினைத்தார்கள். வழி முழுக்க இருவரும் அந்தச் சொல்லை உச்சரிக்கவில்லை.

இளம் டாக்டர் சிங்களத்தில், "புருவத்தை உயர்த்துங்கள்" என்றார். வலது நெற்றி சுருங்கியது. இடது நெற்றி வழுவழுவென்று அப்படியே கிடந்தது. டாக்டரின் முகம் தெளிந்தது. ஏதோ சொன்னார். சண்முகலிங்கத்துக்குச் சிங்களம் அரைகுறை. வழக்கம்போல மனைவியைப் பார்த்தார். பாதி வாயால் பத்மாவதி மொழிபெயர்த்தார்:

"நெத்தியும் ஆடேல்லை. அது நல்லதாம்."

"நல்லதோ? ஆடாட்டி எப்பிடியப்பா நல்லது?"

மூளையில் அடைப்பென்றால் பெரும்பாலும் நெற்றி தப்பிவிடுமாம். நெற்றியும் சேர்ந்து படுத்துவிட்டால் கோளாறு காதுக்குப் பின்னால், முகநரம்பு போகும் ஒடுங்கிய எலும்புப் பாதையில். நரம்பு வீங்கி நெருக்குப்பட்டிருக்கிறது. மற்றச் சோதனைகளையும் முடித்துவிட்டு, குளிசை தருகிறேன், அநேகமாகத் திரும்பி வரும் என்றார் டாக்டர். சண்முகலிங்கம் மனைவியின் அசையாத நெற்றியைத் தொட்டுப் பார்த்துவிட்டு அழுதார். அவ்வளவு சந்தோஷத்தை ஒரு நெற்றி அதற்கு முன் அவருக்குக் கொடுத்ததில்லை. (கடைசி வாக்கியம் என்னுடையது. பத்மாவதி அதற்குக் கீழே கோடிட்டிருக்கிறார். காரணம் ஐந்தாம் பகுதியில்.)

3

கதையை நிறுத்தி ஒரு விஷயம் சொல்லியாக வேண்டும். என் கையை மெல்ல உயர்த்திக்கொண்டே நிப்லா சொன்னது:

"தசைண்டா நூல் கட்டு மாதிரி ஆன்டி. நரம்புல சொல் வந்தா நூலெல்லாம் ஒண்டுக்குள்ள ஒண்டு வழுக்கிப் போய் நீளம் கொறஞ்சு கட்டையாகும். அவ்வளவுதான் அதுக்குத் தெரியும். இழுக்க ஏலும். தள்ள ஏலா."

"அப்ப கையை நீட்டுறது?"

"அதுவும் இழுக்கிறதுதான். மடக்க முன்னால ஒண்டு, நீட்டப் பின்னால ஒண்டு. ஒண்டு இழுக்கக்கொள்ள மத்தது விட்டுக் குடுக்கும்."*

கை கால்களில் தசை எலும்பிலிருந்து எலும்புக்குப் போகிறது. முகத்திலோ பெரும்பாலானவை தோலிலேயே வந்து முடிகின்றன. அதனால்தான் முகத்தில் எதையும் ஒளிப்பது கஷ்டம். பத்மாவதியின் வாய் வலப்பக்கம் போனதற்கு அந்தப் பக்கம் பலம் கூடியது காரணமில்லை. எதிர்ப்பக்கம் இழுத்துப் பிடிக்க ஆளில்லை.

* என் தோளில் தசைக்குக் குற்றமில்லையாம், மூட்டைச் சுற்றிய உறை இறுகிவிட்டதாம். இது என் கதையல்ல என்பதால் அடிக்குறிப்போடு நிறுத்துகிறேன்.

4

ஏழாவது கிழமை பத்மாவதி வேலைக்குத் திரும்பினார். உதடுகள் ஒட்டத் தொடங்கியிருந்தன, சொல் தெளிவாக இருந்தது. கோணல் மட்டும் போகவில்லை. நீதவானிடம் முன்கூட்டியே சொல்லவேண்டுமென்று நினைத்திருந்தார். வெட்கத்தால் சொல்லவில்லை.

அன்று சாட்சிக் கூண்டில் நின்றவர் ஸவாஹிர், ஒருகொடவத்தையில் ஒரு களஞ்சியத்தின் காவலாளி. (அவரை பம்பலப்பிட்டிக்காரராக மாற்ற எனக்கு ஆசை வந்தது உண்மை. அடக்கிக்கொண்டேன்.) களஞ்சியத்தின் மதில் சரிந்து, கூட வேலை செய்த மர்ஸூக்கின் கால் நசுங்கிய வழக்கு. ஸவாஹிர் தமிழில் சொல்லச் சொல்ல பத்மாவதி சிங்களத்தில் சொன்னார். உரைபெயர்ப்பாளர் "அவர் சொல்கிறார்" என்று சொல்வதில்லை. சாட்சி "நான்" என்றால் இவரும் "நான்". கூட்டக்கூடாது, குறைக்கக்கூடாது. இருபத்தாறு வருடமாக அவருடைய சத்தியம் அதுதான்.

"நான் கல்லத் தூக்கப் பாத்தன். ஏலாமப் போன. அவன் என்ட கையப் புடிச்சிட்டு உம்மாவக் கூப்பிட்ட..." என்ற ஸவாஹிர் நின்றார். பத்மாவதியின் வாயைப் பார்த்தார். குரல் உடைந்தது.

"எதுக்கு சிரிக்கிறீங்க?"

சாட்சி சொன்னது எதுவானாலும் பெயர்க்க வேண்டும். பத்மாவதி நீதவான் பக்கம் திரும்பி, நல்ல சிங்களத்தில், தெளிவாகச் சொன்னார்: "எதற்காகச் சிரிக்கிறீர்கள்?"

நீதவான் நிமிர்ந்தார். தன்னைத்தான் கேட்கிறார் என்று ஒரு கணம் நினைத்திருக்க வேண்டும். பிறகு அந்த முகத்தைப் பார்த்து விளங்கிக்கொண்டு, "அம்மா, நீங்களே பதில் சொல்லுங்கள்" என்றார்.

இருபத்தாறு வருடத்தில் அந்த மன்றில் பத்மாவதி தன் சொந்த வாக்கியத்தைச் சொன்னது அன்றுதான். ஸவாஹிரைப் பார்த்துத் தமிழில் சொன்னார்:

"ஐயா, நான் சிரிக்கேல்லை. என்ர முகத்தில ஒரு பக்கம் வேலை செய்யுதில்லை. மற்றப் பக்கம் தனிய இழுக்குது. அது சிரிப்பு மாதிரித் தெரியுது. நீங்கள் சொல்லுறதைக் கேக்க எனக்கும் கஷ்டமாத்தான் இருக்கு."

அதையும் நீதவானுக்குச் சிங்களத்தில் சொன்னார். ஸவாஹிர் கூண்டின் விளிம்பைப் பிடித்தபடி அவரை உற்றுப் பார்த்தார்.

"அல்லாஹ். மன்னிச்சுக்கோங்க மிஸ். என்ட மருமகனுக்கும் இது வந்த. மூணு மாசத்துல நல்லாப் போன. பயப்புட வாணாம்."

கூட்டக்கூடாது, குறைக்கக்கூடாது. பத்மாவதி நீதவானிடம் ஒவ்வொரு சொல்லாகப் பெயர்த்தார். என் மருமகனுக்கும் இது வந்தது. மூன்று மாதத்தில் சுகமானது. பயப்பட வேண்டாம். தன் வாயாலேயே, தனக்கு. தட்டெழுத்தாளர் நிமிராமல் அதையும் பதிந்துகொண்டார்.

பிறகு ஸவாஹிர் மிச்சத்தைச் சொன்னார், நிதானமாக, இந்த முறை பத்மாவதியின் கண்களை மட்டும் பார்த்து.

5

எழுதியதை பத்மாவதிக்குக் கொடுத்தேன். சிவப்புப் பேனைக் கோடுகளோடு திரும்பி வந்தது.

"'வெட்கத்தால்' எண்டு எழுதியிருக்கிறீங்கள். நான் அப்பிடிச் சொல்லேல்லையே."

"அப்ப ஏன் நீதவானிட்ட முதலே சொல்லேல்லை?"

யோசித்தார். "வெக்கம்தான். ஆனா நான் சொல்லேல்லை."

நெற்றியைப் பற்றிய வாக்கியத்தையும் வெட்டச் சொன்னார். சண்முகலிங்கம் அழுதது சந்தோஷத்திலோ பயத்திலோ யாருக்குத் தெரியும், நீங்கள் கூட்டுகிறீர்கள் என்றார். கூட்டாமல் எழுதத் தெரியாதென்றேன். "எனக்குக் கூட்டிச் சொல்லத் தெரியாது" என்றார். இருவரும் அதோடு சமாதானமாகித் தேநீர் குடித்தோம். வாக்கியத்தை நான் வெட்டவில்லை.

6

முடிவு ஒன்று: முகம் முழுதாகச் சுகமாகி... (பத்மாவதியின் குறிப்பு: "இன்னும் இல்லை.")

முடிவு இரண்டு: சுகமாகவில்லை, அவர் அதை ஏற்றுக்கொள்ள... (குறிப்பு: "ஏன் ஏற்கோணும்? வந்துகொண்டுதானே இருக்கு.")

போன ஞாயிறு வெள்ளவத்தைக்குச் சாப்பிடக் கூப்பிட்டிருந்தார்கள். மீன்குழம்பும் கத்தரிக்காய்ப் பொரியலும். சாப்பாடு முடிந்து பத்மாவதி சாய்கதிரையில் சாய்ந்ததும் சண்முகலிங்கம் ஒட்டுத்துண்டுச் சுருளோடு வந்தார். கண் மூடாவிட்டால் காய்ந்துபோகும் என்று, மனைவி சரியும் போதெல்லாம் இடது இமையை மூடி ஒட்டிவிடுவது முதல் நாளிலிருந்து அவர் வேலை. நகக்கத்தரியால் ஒரு மூலையை வளைவாக வெட்டினார். மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒட்டினார். முப்பது வருடமாக முத்திரை ஒட்டிய கை.

படியில் என்னை வழியனுப்ப வந்தபோது பத்மாவதி குரலைத் தாழ்த்தினார்.

"கண் தானா மூடுது. ரெண்டு கிழமையா."

"அவருக்குத் தெரியுமோ?"

"சொல்லேல்லை."

"இதை எழுதட்டோ?"

"எழுதுங்கோ. அவர் பேப்பரைத் தவிர ஒண்டும் வாசிக்கிறேல்லை."

சொல்லிவிட்டுச் சிரித்தார். இடது ஓரம் ஒரு நெல்லளவு எழுந்ததைக் கண்டேன். (கூட்டவில்லை.)

ஆகவே முடிவை என்னால் எழுத முடியாது. சண்முகலிங்கத்தை நீங்கள் வெள்ளவத்தைச் சந்தையில் மீன் வாங்கும்போது காணக்கூடும். உயரமானவர், சட்டைப்பையில் நகக்கத்தரியின் வளையம் தெரியும். சொல்ல வேண்டுமென்று பட்டால் நீங்கள் சொல்லுங்கள். நான் அவரைக் கண்டால் மீன் விலையைப் பற்றித்தான் கதைப்பேன்.